வாசற்படியை உடைத்துப் புதிதாகக் கொங்கிறீட் படி போடுதல்: அளவெடுப்பதில் இருந்து தண்ணி விடுவது வரை

எங்கள் பக்கத்தில் வாசற்படி போடுவதை ஒரு நாள் வேலையாகத்தான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். விடிய அலவாங்கோடு தொடங்கி, மத்தியானம் கல் அடுக்கி, பொழுதுபடப் பூசி முடித்துவிடுவார்கள். மாரி ஒன்று போனதும் படி ஒரு பக்கம் இறங்கிவிடும். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் என் வீட்டுக்கு நான் முதலில் போட்ட படியும் அப்படித்தான் போனது. அதை உடைத்துத் திருப்பிப் போட்டேன். பிறகு சொந்தக்காரர் வீடுகள் நாலைந்தில் கூட நின்று வேலை செய்தேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை வேலை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரு படியை எடுத்துக்கொள்வோம். விறாந்தை நிலம் முற்றத்தில் இருந்து 24 அங்குல உயரம். படியின் அகலம் 4 அடி. உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. உடைக்க முன் படி ஏன் கெட்டது என்று பாருங்கள்

பழைய படியின் மேல் நீர்மட்டத்தை வையுங்கள். வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால், அத்திவாரம் வெட்டியபோது சுவரோரம் தளர்வாக மூடிய மண் பின்னால் இறங்கியிருக்கிறது. வீட்டுத்திட்டங்களில் அவசரமாகக் கட்டிய வீடுகளில் இதுதான் அதிகம். மழைத் தண்ணி சுவரை நோக்கி ஓடி, விறாந்தைச் சுவரின் அடி எப்போதும் ஈரமாக இருக்கும். முற்றத்துப் பக்கம் சரிந்து சுவரை விட்டு விலகியிருந்தால், கூரைத் தண்ணி முன்பக்க மண்ணை அரித்திருக்கிறது.

இந்த இரண்டுக்கும் காரணம் படிக்குக் கீழே இருக்கிறது. மேலே எவ்வளவு நல்ல சீமெந்து போட்டாலும் அது மாறாது. ஆகவே கீழிருந்து தொடங்கத்தான் வேண்டும்.

படி அசையாமல் மட்டமாக நிற்கிறது, மேல் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால், ஒன்றரை அங்குலம் மேலே போட்டு விடலாமே என்று ஆசை வரும். அப்படிச் செய்தால் முதற்படி ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிடும். கடைசிப் படிக்கும் விறாந்தைக்கும் இடையில் அதே அளவு குறைந்துவிடும். ஏறுகிற ஆள் கீழே ஒருமுறை இடறி, மேலே ஒருமுறை தடுமாறுவார். முதியவர் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

2. நாள் குறித்தல்

மாசி, பங்குனிதான் நல்ல காலம். மாரி விட்டு மண் ஓரளவு உலர்ந்திருக்கும், கிணற்றில் தண்ணி இருக்கும், வெயிலும் உச்சத்துக்கு வந்திருக்காது. அறுவடை நாட்களில் மட்டும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை குழி வெட்டினால் அது குளமாகிவிடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களிலும் செய்யலாம். ஆனால் காற்று கொங்கிறீட்டின் ஈரத்தை உறிஞ்சி, பின்னேரத்துக்குள் மேலே மயிர்வெடிப்பு விழப் பண்ணும். தடுக்கிற வழியைப் பின்னால் சொல்கிறேன்.

உடைப்பதில் இருந்து நடந்து ஏறும் நாள் வரை இரண்டு கிழமை ஒதுக்குங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஆட்கள் வர முன் முடிப்போம் என்று நாலு நாளுக்கு முன் தொடங்குபவர்களைக் கண்டிருக்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் ஈரப் படியில்தான் ஏறினார்கள். குசினிக் கதவால் போய்வர வழி இருக்கிறதா, அந்தப் பக்கம் ஆச்சியால் ஏற முடியுமா என்பதையும் முதலே பாருங்கள்.

3. அளவு: பழைய படி நிற்கும்போதே எடுங்கள்

புதிதாக வேலை செய்பவர்கள் அதிகம் பிழை விடுவது இந்த இடத்தில்தான். உடைத்து, குழியும் வெட்டி, மண்ணும் குவிந்த பிறகு அளக்கிறார்கள். முற்றத்தின் உண்மையான மட்டம் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெளிவான இறப்பர் குழாயில் தண்ணி நிரப்பி, விறாந்தை மட்டத்தை முற்றத்தில் அடித்த ஒரு முளைக்குக் கொண்டுவாருங்கள். புது அடித்தளத்தின் மேல்மட்டம் எங்கே வரும் என்பதையும் அதே முளையில் குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடைப்பட்ட உயரம்தான் உங்கள் கணக்கு. முளையைக் குழிக்கு மூன்று அடி தள்ளி அடியுங்கள். கிட்ட அடித்தால் மண் இழுக்கும்போது அதுவும் போய்விடும்.

பிறகு ஒருநாள் விறாந்தைக்குத் தரை ஓடு பதிக்கும் எண்ணம் இருந்தால், ஓட்டுக்கும் சாந்துக்குமாக ஏறக்குறைய ஒரு அங்குலத்தை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பதித்த அன்றே கடைசி ஏற்றம் மற்றவற்றை விட ஒரு அங்குலம் கூடிவிடும்.

ஒரு படியின் ஏற்றம் 6 அங்குலத்தை ஒட்டி இருந்தால் சுகம். 7 அங்குலத்தைத் தாண்டினால் தண்ணிக் குடத்தோடு ஏறுகிறவருக்கு முழங்கால் நோகும். காலடி வைக்கும் அகலம் 11 அல்லது 12 அங்குலம். ஏற்றத்தை இரண்டு மடங்காக்கி அகலத்தைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும் என்பது பழைய கணக்கு. மனிதர் நடையின் நீளத்தோடு அது பொருந்திப் போகிறது. 6, 12 என்று வைத்தால் சரியாக 24.

நம் கணக்கில் 24 அங்குலத்தை 4 ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6. நாலாவது ஏற்றம் விறாந்தையிலேயே முடிவதால், ஊற்றப்போவது மூன்று படி. உங்கள் உயரம் 25 அங்குலம் என்றால் ஒவ்வொன்றும் ஆறேகால். மிஞ்சிய ஒரு அங்குலத்தை அப்படியே அடிப்படியில் தள்ளிவிடாதீர்கள். கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், பிறகு கண் பார்ப்பதில்லை. கால் அங்குல வித்தியாசமே இடறப் போதும்.

படியை லாபம், நட்டம் என்று எண்ணி லாபத்தில் முடிய வேண்டும் என்பார்கள். விறாந்தையையும் சேர்த்து எண்ணுவதா என்று எங்கள் வீட்டில் ஆச்சிக்கும் மாமாவுக்கும் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். சேர்க்காமல் எண்ணினால் மூன்று, லாபம். இதையெல்லாம் பலகை அடிக்க முன் பேசி முடியுங்கள். பலகை அடித்த பிறகு ஒரு படியைக் கூட்டச் சொன்னால் எல்லா ஏற்றமும் மாறும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் சரிவுப் பாதையையும் இப்போதே யோசியுங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 24 அங்குலத்துக்கு 24 அடி. நேரே இடம் போதாவிட்டால் சுவரோரமாகத் திருப்பலாம், இடையில் 5 அடியில் ஒரு சமதளம் விட்டு. மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கென்று படி ஓரத்தில் வைக்கும் ஒடுங்கிய சரிவு சக்கர நாற்காலிக்கு உதவாது, ஆபத்தும்கூட.

4. வாங்க வேண்டியவை

அடித்தளம் முன்னும் இரு பக்கமும் படியை விட அரை அடி நீண்டு இருக்கவேண்டும். அதாவது 5 அடிக்கு மூன்றரை அடி, 4 அங்குலத் தடிப்பு. படியும் தளமும் சேர்த்து 18 கன அடி கொங்கிறீட் வரும். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி என்ற கலவைக்குத் தேவை இவ்வளவு:

சீமெந்து 50 கிலோப் பை 4. பூச்சுத் திருத்தத்துக்கும் சேர்த்து 5 வாங்குங்கள். முக்கால் அங்குலச் சல்லி கால் கியூப், மணல் கால் கியூப். (கியூப் என்பது 100 கன அடி.) மணல் மிஞ்சும், இருக்கட்டும். கிரவல் (சரளை மண்) 10 முதல் 12 கன அடி. 10 மில்லிமீற்றர் கம்பி 20 அடி நீளத்தில் 4, கட்டுக்கம்பி அரைக் கிலோ. பலகை, ஆணி, முளைக்குத் தடி. அரை அங்குல ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைத் தட்டு) ஒரு தட்டு. பழைய சாக்குகள்.

சீமெந்துப் பையை வாங்கும்போது மூலையை அமுக்கிப் பாருங்கள். கட்டியாக இருந்தால் வேண்டாம். வீட்டிலும் வெறும் நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

மணலை ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்குப் போட்டு, தண்ணி விட்டு, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலின் மேல் சேறு ஒரு படையாகத் தங்கும். மணலின் உயரம் 4 அங்குலம் என்றால் சேறு ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். சேறு சல்லியைச் சுற்றிக்கொண்டு சீமெந்தைப் பிடிக்க விடாது.

அளம்பில், முல்லைத்தீவுக் கரைப் பக்கம் கடல் மணல் சும்மா கிடக்கிறதே என்று கேட்பார்கள். அதில் உள்ள உப்பு கம்பியைத் தின்னும். கம்பி துருப்பிடித்து வீங்கி, மூன்று நாலு வருடத்தில் விளிம்பு உடைந்து விழும். தண்ணியும் அப்படித்தான். பூநகரிப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணியில் குழைக்கவேண்டாம். குடிக்கிற தண்ணியில் குழையுங்கள்.

5. உடைத்தல்

முதலில் படியும் சுவரும் சேரும் கோட்டை கிறைண்டரால் அல்லது உளியால் வெட்டிப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் சம்மட்டி போட்டால் சுவர்ப் பூச்சும் ஒரு பாளமாக வரும். அத்திவாரத்தின் மேல் ஈரம் ஏறாமல் தார் பூசியிருப்பார்கள். அந்த வரியில் உளி படாமல் பாருங்கள்.

பிறகு முற்றத்துப் பக்க மூலையில் தொடங்கி வீட்டை நோக்கி உடைத்துவாருங்கள். அடி வீட்டுக்குச் சமாந்தரமாக விழட்டும். கண்ணாடி, சப்பாத்து இல்லாமல் வேண்டாம், சீமெந்துச் சில்லு தெறிக்கிற வேகம் பொல்லாதது.

பழைய படிக்குள் பொந்து இருந்தால் கையை விடாதீர்கள். புடையன் பாம்பு குளிர்ச்சிக்கு வந்து சுருண்டு கிடக்கும் இடம் அது. அலவாங்கால் கிளறி, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்.

வெட்டும்போது துருப்பிடித்த உலோகமோ, என்னவென்று தெரியாத பிளாஸ்ரிக் பொருளோ தட்டுப்பட்டால் வேலையை அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள், அது யுத்த காலத்து வெடிபொருளாக இருக்கலாம். எடுக்கவோ, தட்டவோ, தண்ணி ஊற்றவோ வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, வந்த அடியிலேயே திரும்பிப் போய் 119க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். மீள்குடியேறி எத்தனை வருடம் ஆனாலும், முன்பு கிண்டிய இடம்தானே என்று நினைக்கவேண்டாம். மேலிருந்து கொட்டிய நிரப்பு மண் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

உடைந்ததில் சுத்தமான கொங்கிறீட், கருங்கல் துண்டுகளை வேறாகக் குவியுங்கள். அவை பிறகு உதவும். பூச்சுத் தூளும் உடைந்த சீமெந்துக் கல்லும் ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போகட்டும்.

6. குழியும் கிரவலும்

வேலையில் இதுதான் உயிர்ப் பகுதி. வெளியே தெரியாத பகுதி என்பதால் எல்லாரும் சுருக்குவதும் இதைத்தான்.

அடித்தளத்தின் அளவை விட எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூட்டி, 10 அங்குல ஆழம் வெட்டுங்கள். 6 அங்குலம் கிரவலுக்கு, 4 அங்குலம் கொங்கிறீட்டுக்கு. வேர், இலை, பலகைத் துண்டு எல்லாம் வெளியே. ஒரு மரத்துண்டு உள்ளே கிடந்தாலும் கறையான் அதைத் தேடி வரும், பிறகு கதவு நிலைக்கு ஏறும்.

சுவரோரத்தில் அலவாங்கை நட்டுப் பாருங்கள். மற்ற இடத்தை விட இலகுவாக இறங்கினால் அதுதான் அத்திவாரத்துக்குப் பிறகு மூடிய மண். அதைக் கெட்டி மண் வரும்வரை எடுங்கள், ஆனால் அத்திவாரத்தின் அடிக்குக் கீழே போகவேண்டாம். எடுத்த இடத்தைக் கிரவலால் படைபடையாக நிரப்பி இடியுங்கள். நான் முதல் போட்ட படி வீட்டுப் பக்கம் சரிந்தது இதைச் செய்யாததால்தான்.

செம்மண்ணில் 10 அங்குலம் போதும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கறுப்புக் களியில் போதாது. அந்த மண் மாரியில் ஊதி, கோடையில் கை போகும் அளவுக்கு வெடிக்கும். அங்கே ஒன்றரை அடியாவது வெட்டி, களியை வெளியே போட்டு, கிரவலால் நிரப்புங்கள்.

கிரவலை மூன்று அங்குலப் படையாகப் போட்டு, தண்ணி தெளித்து இடியுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே இடித்தால் மேல் இரண்டு அங்குலம்தான் இறுகும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணி கசியக்கூடாது. அதுதான் சரியான ஈரம். மொங்கான் (மண் இடிக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைபிடி அடித்த ஒரு பனங்குற்றி போதும். குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் அடையாளம் விழாமல் இருந்தால் அடுத்த படைக்குப் போகலாம்.

7. அடித்தளம்

சுற்றிவர 4 அங்குலப் பலகை அடித்து, முற்றத்துப் பக்கம் அரை அங்குலம் சரிவு வையுங்கள். சுவரோரம் ரெஜிபோமை நிறுத்துங்கள். தளமும் படியும் சுவரில் ஒட்டாமல் தனியாக நிற்கவேண்டும். வீடு ஒரு மாதிரி அசையும், படி வேறு மாதிரி அசையும். இரண்டையும் பூச்சால் ஒட்டினால் வெடிப்பது பூச்சு.

சில மேசன்மார் வீட்டு அத்திவாரத்தில் துளைத்துக் கம்பி கொடுப்பார்கள். கெட்டி நிலத்தில் அது பிழையில்லை. களி நிலத்தில் நான் அதை விரும்புவதில்லை.

கம்பியை 9 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, 2 அங்குலச் சாந்துக் கட்டைகளின் மேல் வையுங்கள். ஓட்டுத்துண்டு, மரத்துண்டு வைக்கவேண்டாம். ஊற்றும்போது தூக்கிவிடுவோம் என்று நிலத்தில் விட்ட கம்பியை யாரும் தூக்குவதில்லை. மண்ணோடு கிடக்கும் கம்பி துருப்பிடிக்கத்தான் கிடக்கிறது.

படி வரும் இடத்தில் ஒன்றரை அடிக் கம்பித் துண்டுகள் ஆறை ‘ட’ வடிவில் வளைத்து, நிமிர்ந்த பக்கம் மேலே வரக் கட்டுங்கள். பிறகு வரும் படியை அவைதான் தளத்தோடு பிடித்து வைக்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியும் படியின் மேற்பரப்பில் இருந்து இரண்டு அங்குலம் உள்ளேயே நிற்கவேண்டும்.

‘தம்பி, உந்தச் சின்னப் படிக்கு ஏன் கம்பி?’ என்று மேசன் அண்ணை கேட்பார். தளத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு மூலை மண் இறங்கினாலும் தளம் முழுதாக நிற்பதற்குத்தான் அது.

தளத்தை ஊற்றியதும் படி வரும் இடத்தை மட்டும் சாந்தகப்பையால் கீறிக் கரடுமுரடாக விடுங்கள். முன்னும் பக்கமும் நீண்ட அரை அடியைத் தேய்த்து ஒழுங்காக்குங்கள். ஈரச் சாக்குப் போட்டு இரண்டு நாள் விடுங்கள்.

8. பலகை

இரண்டு பக்கப் பலகையிலும் படியின் உருவத்தை வரைந்து வெட்டுங்கள். வெட்ட முன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒத்துப் பாருங்கள். ஒவ்வொரு காலடிக்கும் வெளிப்பக்கம் கால் அங்குலச் சரிவு வேண்டும். தண்ணி நின்றால் பாசி பிடிக்கும், பாசியில் வழுக்கும். சரிவுக்குக் கொடுக்கிற கால் அங்குலத்தை ஏற்றக் கணக்கில் மறந்துவிடாதீர்கள்: ஏற்றத்தை எப்போதும் விளிம்பில் இருந்து விளிம்புக்கு அளவெடுங்கள்.

முன்பலகைகள் 6 அங்குல உயரம். அடிப்பக்கத்தை ஒரு அங்குலம் உள்ளே தள்ளிச் சாய்த்தால், ஏறும்போது கால்விரலுக்கு இடம் கிடைக்கும். பலகையின் கீழ் விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் அடியில் உள்ள காலடியின் பின்மூலைக்குச் சாந்தகப்பை போகாது, அந்தக் கோடு பள்ளமாக நின்றுவிடும்.

ஈரக் கொங்கிறீட்டின் பாரம் வெளியே தள்ளும். 4 அடி அகலத்தில் முன்பலகை நடுவில் வயிறு வைக்கும். மூன்று முன்பலகையையும் சேர்த்து நடுவில் ஒரு நெடும்பலகை அடித்து, அதன் அடியை முற்றத்தில் முளை அடித்து முட்டுக் கொடுங்கள். பக்கப் பலகைகளுக்கும் முளையும் சாய்வு முட்டும் வேண்டும். அடித்து முடித்ததும் பலகையில் ஏறி நின்று பாருங்கள். உங்கள் பாரத்துக்கே அசைந்தால் கொங்கிறீட்டுக்கு நிற்காது.

பலகையின் உட்பக்கத்தில் ஒயிலைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடையுங்கள். வழிய ஊற்றினால் கறை பிடிக்கும், கம்பியிலும் படும்.

ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் உள்ளே 2 அங்குலம் தள்ளி ஒரு கம்பி நீளவாக்கில் ஓடட்டும். விளிம்புதான் முதலில் அடி வாங்கும்.

9. குழைத்தலும் ஊற்றுதலும்

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். நான் ஒருமுறை பதினொரு மணிக்குத் தொடங்கினேன். மேற்படிக்கு வரும்போது கீழ்ப்படி இறுகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓடிய கோடு இன்றும் தெரிகிறது.

அளவுக்கு ஒரு பெட்டி செய்யுங்கள். நீளமும் அகலமும் ஒரு அடி, உயரம் 15 அங்குலம். ஏறக்குறைய ஒரு பை சீமெந்து அதில் கொள்ளும். மண்வெட்டியால் எண்ணிப் போட்டால் முதல் பத்து மண்வெட்டி குவியும், களைத்த பிறகு போடுவது பாதிதான் இருக்கும். ஈர மணல் ஊதியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரமானால் இரண்டு பெட்டிக்கு அரைப் பெட்டி கூட்டுங்கள்.

தகரத்தின் மேல் மணலையும் சீமெந்தையும் ஒரே நிறம் வரும்வரை மூன்று தரம் புரட்டுங்கள். பிறகு சல்லி சேர்த்து இன்னும் புரட்டி, நடுவில் குழி செய்து தண்ணி விடுங்கள். ஒரு பைக்கு 25 லீற்றரை ஒட்டி. மணல் ஈரமென்றால் அதற்கும் குறைவு. இளக்கமாக இருந்தால் ஊற்றுவது சுகம் என்று தண்ணியைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் வரும் சபலம். கூடின தண்ணி பிறகு ஆவியாகி, இருந்த இடம் ஓட்டையாகும். படி தேய்வது அங்கிருந்துதான். மண்வெட்டியால் தட்டினால் மேலே மினுங்கவேண்டும், வழியக்கூடாது. ஒரு மணித்தியாலத்தில் போட்டு முடிக்கக்கூடிய அளவுதான் ஒரு தரம் குழைக்கவேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணி விட்டு எழுப்பவேண்டாம்.

தளத்தை நனைத்து, நின்ற தண்ணியைத் துடைத்து, சீமெந்துக் கூழ் தடவிக் கீழ்ப்படியில் தொடங்குங்கள். கம்பித் துண்டால் பலகை ஓரம் எல்லாம் குத்துங்கள், பலகையை வெளியே இருந்து சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியே வராவிட்டால் முகப்பு தேன்கூடு மாதிரி இருக்கும்.

வேறாகக் குவித்த பழைய கொங்கிறீட் துண்டுகளைக் கழுவி நனைத்து நடுவில் அமிழ்த்தலாம். எந்த முகப்பிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே, ஒன்றோடொன்று முட்டாமல். சீமெந்து கொஞ்சம் மிஞ்சும். மண்ணை நடுவில் நிரப்பி மேலே மூடுவது மட்டும் வேண்டாம். மண் இறங்கியதும் படி உள்ளே வெறும் கோதாகிவிடும்.

கீழ்ப்படி நிரம்பியதும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து மேலே போங்கள். உடனே ஊற்றினால் மேற்படியின் பாரத்தில் கீழ்ப்படி பலகைக்கு அடியால் பொங்கி வரும். அதே நேரம் நிற்காமல் ஒரே காலையில் மூன்றையும் முடித்துவிடவேண்டும்.

10. மேற்பரப்பு

மட்டக்கோலால் இழுத்தவுடன் தேய்க்கத் தொடங்காதீர்கள். மேலே ஒரு தண்ணிப் படலம் வரும். அது வற்றும்வரை காத்திருங்கள். அதற்கு முன் தேய்த்தாலோ, வற்றட்டும் என்று காய்ந்த சீமெந்தைத் தூவினாலோ மேல் தோல் ஆறு மாதத்தில் உரியும்.

வற்றியதும் மரப்பலகையால் தேய்த்து, விளிம்பை உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு முதல் மாதமே உதிரும். கடைசியாக ஈர்க்குமாற்றை நனைத்து உதறி, படியின் அகலவாக்கில் ஒரே இழுவையாக இழுங்கள். அந்தக் கோடுகள்தான் மழையில் காலைப் பிடிக்கும். விறாந்தைக்குப் போட்ட சிவப்புப் பொலிஷை வாசற்படிக்கும் இழுப்பது வடிவுதான். கார்த்திகை மழையில் அதே படியில் வழுக்கி விழுந்து ஒரு மாமி கையை முறித்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வடிவில் ஆசை போய்விட்டது.

11. தண்ணி விடுதல்

விரலால் அழுத்தி அடையாளம் விழாத நேரம் வந்ததும் நனைத்த சாக்கைப் போர்த்துங்கள். சோளகக் காற்றென்றால் அதற்கும் முன்பே பொலித்தீனால் மூடி, ஓரத்தில் கல் வையுங்கள். ஏழு நாள் சாக்கு காயவே கூடாது. காலையும் மாலையும் ஒரு வாளி என்று கணக்கு வைத்தால் நடுவில் வெயில் அதைக் காய்த்துவிடும். காய்ந்து நனைந்து காய்ந்து வருவதும் வெடிப்புத்தான். யார் மத்தியானம் நனைப்பது என்று வீட்டில் ஒருவரை முதலே நியமியுங்கள்.

அன்றிரவு படியைச் சுற்றி ஓலை வைத்து அடையுங்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் ஈரக் கொங்கிறீட்டில் ஏனோ அப்படி ஒரு விருப்பம்.

பலகையை அடுத்தநாள் கழற்றுங்கள். மேலிருந்து கீழ், முட்டு முதலில். அலவாங்கை விளிம்பில் வைத்து நெம்பவேண்டாம். சின்ன ஓட்டைகளை அன்றே ஒன்றுக்கு இரண்டு சாந்தால் அடைத்தால் பிடிக்கும். கழற்றிய முகப்பையும் சாக்கு மூடட்டும்.

12. கடைசி வேலைகள்

மூன்றாம் நாள் ஆள் ஏறலாம், அவசரமென்றால். ஏழு நாள் பொறுப்பது நல்லது. நெல் மூட்டை, மோட்டார் சைக்கிள் எல்லாம் நாலு கிழமைக்குப் பிறகு.

ஏழாம் நாள் சுவரோர ரெஜிபோமின் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எடுத்து, காய்ந்த பிறகு குழாயில் வரும் இறப்பர் பசையால் அடையுங்கள். சாந்தால் அடைத்தால் விட்ட இடைவெளியே வீணாகிவிடும்.

பிறகு கூரைத் தாவாரம் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். படியின் மேலோ, அதன் முன்னோ விழுந்தால் அந்த அகலத்துக்காவது ஒரு பீலி போட்டுத் தண்ணியைப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். பீலிக்கு இப்போது காசில்லை என்றால் சொட்டு விழும் கோட்டில் சல்லி பரப்பி, முற்றத்தை வெளியே சரித்துவிடுங்கள். முதல் மாரியில் பெருமழை விட்டதும் போய்ப் பாருங்கள். அடித்தளத்தின் ஓரத்தில் மண் விலகி விளிம்பு தெரிந்தால் அன்றே கிரவல் போட்டு இடித்துவிடுங்கள்.